கணுக்கால் சுளுக்கினால் ஐஸ் கட்டி, கருப்பை வலித்தால் கேலியா?

மாணவர்களே, உங்கள் பள்ளியில் நடக்கக்கூடிய இரண்டு காட்சிகளை மனத்தில் கொண்டு வாருங்கள்.

முதல் காட்சி. மாலை நேரக் காற்பந்துப் பயிற்சி. ஒரு மாணவனுக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொள்கிறது. பயிற்றுநர் ஓடி வருகிறார். யாரோ சிற்றுண்டிச்சாலைக்குப் போய் ஐஸ் கட்டி வாங்கி வருகிறார். இருவர் அவனைத் தோளில் தாங்கி நிழலுக்கு அழைத்துப் போகிறார்கள். மறுநாள் அவன் நொண்டி நொண்டி வந்தால் எல்லாரும் நலம் விசாரிக்கிறார்கள்.

இரண்டாம் காட்சி. அதே வாரம், உடற்கல்விப் பாட வேளை. ஒரு மாணவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேசையில் தலை சாய்த்திருக்கிறாள். முகம் வெளுத்திருக்கிறது. காலையில் ஒரு முறை வாந்தியும் எடுத்துவிட்டாள். "மறுபடியும் வயிற்றுவலியா? போன மாதமும் இதைத்தானே சொன்னாய்?" என்கிறார் ஆசிரியர். பின் வரிசையில் சிரிப்புச் சத்தம். "ஓடாமல் இருக்க நல்ல சாக்கு" என்று ஒரு குரல்.

இரண்டு பேருக்கும் வலிக்கிறது. இரண்டு வலிக்குப் பின்னாலும் இருப்பது ஒரே குடும்பத்தைச் சேர்ந்த வேதிப்பொருள்கள். ஒருவருக்கு ஐஸ் கட்டி கிடைக்கிறது, மற்றவருக்குக் கேலி கிடைக்கிறது. இது நியாயம் இல்லை என்பது என் கருத்து. அதை ஒழுக்கப் பாடமாகச் சொல்லாமல் அறிவியல் பாடமாகவே சொல்லப் பார்க்கிறேன்.

வரைபடத்தில் இல்லாத கோடு

மாதவிடாய்ச் சுழற்சியைப் பற்றி முதலாம் படிவத்திலேயே படித்திருப்பீர்கள். உயிரியல் படிக்கும் மூத்த மாணவர்களுக்கு அந்த வரைபடம் மனப்பாடமாகவே இருக்கும். எஃப்எஸ்எச், எல்எச், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டரோன் என்று நான்கு ஹார்மோன்கள். நான்கு கோடுகள் ஏறும், இறங்கும். 28 நாள்கள் முடிந்ததும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். தேர்வில் கேட்டால் வரைந்து மதிப்பெண் வாங்கிவிடுவீர்கள்.

அந்த வரைபடத்தின் கடைசிப் பகுதியை நினைவுபடுத்திப் பாருங்கள். கரு உருவாகவில்லை என்றால் புரோஜெஸ்டரோன் கோடு சட்டென்று சரியும். "கருப்பையின் உட்சுவர் சிதைந்து குருதியோடு வெளியேறும்" என்று ஒரு வரியில் பாடம் அடுத்த தலைப்புக்குப் போய்விடும். ஒரு மாணவிக்கு மாதந்தோறும் நேரும் துன்பமெல்லாம் அந்த ஒரு வரிக்குள் நடப்பவைதான். வலிக்கென்று அந்த வரைபடத்தில் ஒரு கோடும் இல்லை.

அந்தக் கோட்டை நாமே வரைவோம். அதன் பெயர் புரோஸ்டாகிளாண்டின்.

கருப்பை என்பது ஒரு தசைப் பை. கருவுறாத நிலையில் ஏறக்குறைய ஒரு கைமுட்டி அளவு இருக்கும். அதன் சுவரில் பெரும்பகுதி வரியற்ற தசை. கையை மடக்கு என்றால் மடங்கும் தசையைப் போல இது நம் பேச்சைக் கேட்காது. ஹார்மோன்களின் பேச்சைத்தான் கேட்கும். புரோஜெஸ்டரோன் இரத்தத்தில் நிறைந்திருக்கும்வரை அது இந்தத் தசையை அமைதியாக வைத்திருக்கும். அந்த அளவு விழுந்ததும் உட்சுவரின் உயிரணுக்கள் சிதையத் தொடங்குகின்றன. அவற்றின் சவ்விலிருந்து அரகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பமிலம் விடுபடுகிறது. சைக்ளோஆக்சிஜனேஸ் என்ற நொதி அதைப் பிடித்துப் புரோஸ்டாகிளாண்டினாக மாற்றும் வேலையைத் தொடங்கிவைக்கிறது.

ஈஸ்ட்ரோஜன் போன்ற ஹார்மோன்கள் ஒரு சுரப்பியில் பிறந்து, இரத்தத்தில் பயணம் செய்து, தொலைவில் உள்ள உறுப்பில் வேலை செய்பவை. புரோஸ்டாகிளாண்டின் அப்படிப்பட்டதன்று. பெரும்பாலும் பிறந்த இடத்திலேயே வேலையை முடித்துக்கொள்ளும். அதனால் அதை உள்ளிட ஹார்மோன் என்று சொல்வதுண்டு. கருப்பைத் தசையைப் பார்த்து "இறுகு" என்று ஆணையிடுவது அதுதான்.

எவ்வளவு இறுக்கம் என்று கேட்டால் அதற்கும் கணக்கு உண்டு. இரத்த அழுத்தத்தை மில்லிமீட்டர் பாதரசம் என்ற அலகில் அளப்பார்கள். நல்ல உடல்நலமுள்ள ஒருவருக்கு மேல் எண் 120 அளவில் இருக்கும். இயல்பான மாதவிடாயின்போது கருப்பை இறுகும் உச்சத்தில் அதற்குள் இருக்கும் அழுத்தமும் ஏறக்குறைய 120 வரை போகும். கடுமையான வலி உள்ளவர்களிடம் அது 150, 180 என்று ஏறுவதை அளந்து பார்த்திருக்கிறார்கள். இப்போது யோசியுங்கள். இரத்தத்தை உள்ளே தள்ளும் அழுத்தத்தைவிட வெளியிலிருந்து நெரிக்கும் அழுத்தம் அதிகமானால் என்ன ஆகும்? அந்த நேரத்துக்குத் தசைக்குப் போகும் இரத்தம் தடைபடும். உயிர்வளி குறையும். உயிர்வளி கிடைக்காத தசை வலியால் கதறும். மாரடைப்பில் நெஞ்சு வலிப்பதற்கும் இதுதான் அடிப்படைக் காரணம்.

கதை அத்தோடு முடியவில்லை. புரோஸ்டாகிளாண்டினில் ஒரு பகுதி இரத்தத்திலும் கலந்துவிடுகிறது. குடலும் வரியற்ற தசையால் ஆனதுதான். அதனால் வயிற்றுப்போக்கு வரலாம். குமட்டல், வாந்தி, தலைவலி, களைப்பு எல்லாம் வரலாம். "வயிற்றுவலி என்கிறாய், வாந்தி எதற்கு வந்தது?" என்று சந்தேகப்படுபவர்களுக்கு இதுவே பதில்.

கணுக்காலுக்கு வருவோம். சுளுக்கிய இடத்தில் திசு சேதமடைகிறது. அங்கேயும் அதே அரகிடோனிக் அமிலம், அதே நொதி, அதே புரோஸ்டாகிளாண்டின் குடும்பம். வீக்கத்துக்கும் வலிக்கும் அதற்குப் பெரிய பங்கு உண்டு. கணுக்கால் வீக்கம் வெளியே தெரிகிறது, கருப்பையின் இறுக்கம் வெளியே தெரிவதில்லை. ஒன்றை நம்பி மற்றொன்றைச் சந்தேகிக்க நமக்கு இருக்கும் ஒரே காரணம் இதுதான்.

பெயரிலேயே ஒரு வேடிக்கை

இந்தப் பொருளின் வரலாற்றில் ஒரு சுவையான செய்தி இருக்கிறது. 1930இல் நியூயார்க்கில் ரபேல் குர்ஸ்ரோக், சார்ல்ஸ் லீப் என்ற இரண்டு மருத்துவ ஆய்வாளர்கள் ஆண்களின் விந்துநீர் கருப்பைத் தசைத் துண்டுகளை இறுகவோ தளரவோ செய்வதைக் கவனித்தார்கள். சுவீடன் நாட்டின் உல்ஃப் வான் ஆய்லர் அந்தப் பொருள் புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வருவதாக எண்ணி 1935இல் புரோஸ்டாகிளாண்டின் என்று பெயர் வைத்தார். பிறகுதான் அது உடலின் ஏறக்குறைய எல்லாத் திசுக்களிலும் உருவாகிறது என்று தெரிந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. ஆக, மாதந்தோறும் பெண்களை வாட்டும் இந்தப் பொருள் ஆண்களுக்கு மட்டுமே உள்ள ஒரு சுரப்பியின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது!

1957இல் பிரிட்டனைச் சேர்ந்த பிக்கிள்ஸ் என்ற உடலியல் ஆய்வாளர் மாதவிடாய்க் குருதியில் தசையை இறுகச் செய்யும் ஒரு பொருள் இருப்பதாக அறிவித்தார். அது புரோஸ்டாகிளாண்டின் என்று பின்னர் உறுதியானது. 1971இல் ஜான் வேன், ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுத்தே வலியைக் குறைக்கின்றன என்று காட்டினார். சூன் பெர்க்ஸ்ட்ரோம், பெங்ட் சாமுவெல்சன் ஆகியோருடன் அவருக்கும் 1982இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கண்டுபிடிப்புகளுக்கு முன்பு பல மருத்துவர்களே மாதவிடாய் வலியை மனம் சார்ந்த கோளாறு என்று எழுதிவைத்தார்கள். அவர்களிடம் சான்று இல்லை, அதனால் தவறினார்கள். நம்மிடம் சான்று வந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. இன்னும் "நடிக்கிறாள்" என்று சொல்ல நமக்கு என்ன சாக்கு?

அதே இறுக்கம்தான் உயிரும் காக்கிறது

இதைப் படிக்கும் மாணவிகளில் சிலர், "அப்படியானால் என் உடலில் ஏதோ பழுது" என்று நினைக்கக்கூடும். அப்படி நினைக்க வேண்டாம். கருப்பை இறுகுவது அதன் பிறவித் தொழில். அந்தத் தொழில் இல்லாவிட்டால் நாம் யாரும் பிறந்திருக்க மாட்டோம்.

1906இல் லண்டனில் ஹென்றி டேல், மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதிச் சாற்றைச் செலுத்தினால் சினையாக இருந்த பூனையின் கருப்பை பலமாக இறுகுவதைக் கண்டார். அந்தச் சாற்றில் இருந்த ஹார்மோன்தான் ஆக்சிடோசின். கிரேக்க மொழியில் 'விரைவான பிறப்பு' என்று பொருள். அது ஒன்பதே ஒன்பது அமினோ அமிலங்களால் ஆன சிறிய மூலக்கூறு. 1953இல் அமெரிக்காவின் வின்சென்ட் டு வினியோ அதை ஆய்வகத்தில் உருவாக்கிக் காட்டினார். 1955இல் வேதியியல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

பத்து மாதமும் அமைதியாக இருந்த கருப்பை பிரசவ நேரத்தில் மட்டும் எப்படி விழித்துக்கொள்கிறது? கருவுற்ற காலம் முழுவதும் புரோஜெஸ்டரோன் அதைத் தூங்க வைக்கிறது. நாள் நெருங்கும்போது புரோஜெஸ்டரோனின் பிடி தளர்கிறது, ஈஸ்ட்ரோஜனின் கை ஓங்குகிறது. ஆக்சிடோசினை ஏற்கும் ஏற்பிகள் தசையணுக்களில் பெருகுகின்றன. அணுக்களுக்கிடையே சின்னஞ்சிறு இணைப்புகள் உருவாகி, தனித்தனியாக இருந்த தசையணுக்கள் எல்லாம் ஒரே தாளத்தில் இறுகத் தயாராகின்றன. திருவிழாவில் தேர் இழுப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? ஆளுக்கு ஒரு நேரத்தில் இழுத்தால் தேர் நகராது. ஒரே குரலுக்கு எல்லாரும் சேர்ந்து இழுத்தால்தான் நகரும்.

அதன் பிறகு நடப்பதுதான் விந்தை. குழந்தையின் தலை கருப்பை வாயை அழுத்துகிறது. அந்தச் செய்தி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. பிட்யூட்டரி ஆக்சிடோசினை விடுகிறது. கருப்பை இறுகுகிறது. தலை இன்னும் பலமாக அழுத்துகிறது. மீண்டும் ஆக்சிடோசின். உடலில் நீங்கள் படித்த பெரும்பாலான கட்டுப்பாடுகள் எதிர்மறைப் பின்னூட்டம், அதாவது அளவு கூடினால் தானே குறைத்துக்கொள்பவை. இது நேர்மறைப் பின்னூட்டம். குழந்தை வெளியே வரும்வரை ஏறிக்கொண்டே போகும். ஜேம்ஸ் பெர்குசன் 1941இல் விவரித்ததால் இதற்குப் பெர்குசன் அனிச்சைச் செயல் என்று பெயர். இங்கேயும் புரோஸ்டாகிளாண்டின் சும்மா இருப்பதில்லை. கருப்பை வாயை மென்மையாக்குவதிலும் தசையை இறுக்குவதிலும் அதற்குப் பங்கு உண்டு.

குழந்தை பிறந்த பிறகும் வேலை முடியவில்லை. நச்சுக்கொடி பிரிந்த இடத்தில் இரத்தக் குழாய்கள் திறந்து கிடக்கின்றன. நிறைமாதத்தில் கருப்பைக்கு ஒவ்வொரு நிமிடமும் அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் போகிறது. அந்தக் குழாய்களை அடைப்பது யார்? குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கருப்பைத் தசை நார்கள்தாம். அவை இறுகி, குழாய்களை முடிச்சுப் போட்டதுபோல் நெரித்து இரத்தத்தை நிறுத்துகின்றன. கருப்பை இறுகத் தவறினால் தாய் சில மணி நேரத்தில் உயிரிழக்கக்கூடும். பேறுகால மரணங்களுக்கு உலக அளவில் முதன்மைக் காரணங்களில் ஒன்று இந்த இரத்தப்போக்குதான். அதைத் தடுக்கவே குழந்தை பிறந்தவுடன் தாய்க்கு ஆக்சிடோசின் ஊசி போடும்படி உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. உங்கள் அம்மாவுக்கும் பெரும்பாலும் அந்த ஊசி போட்டிருப்பார்கள். கேட்டுப் பாருங்கள்.

ஆகவே, இறுகுவது கருப்பையின் குறை அன்று. மாதவிடாயில் அந்த இறுக்கம் அளவு மீறும்போது வலிக்கிறது. அளவு மீறும் எதையும் நாம் அளவுக்குக் கொண்டுவரலாம்.

"எங்கள் காலத்தில் பொறுத்துக்கொண்டோமே!"

வீட்டில் பெரியவர்கள் இப்படிச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் பொறுத்துக்கொண்டது உண்மை. ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. பல குழந்தைகளைப் பெற்று, ஒவ்வொன்றுக்கும் நீண்ட நாள் தாய்ப்பால் கொடுத்த நம் பாட்டிமார்களுக்கு வாழ்நாளில் வந்த மாதவிடாய்களின் எண்ணிக்கை இன்றைய பெண்களைவிடக் குறைவு. குழந்தைப்பேற்றுக்குப் பின் பலருக்கு இந்த வலி தணிந்தும் விடுகிறது. அது மட்டுமா? அவர்களும் சும்மா பொறுத்துக்கொண்டிருக்கவில்லை. வயிற்றில் சூடான ஒத்தடம் கொடுத்தார்கள், இஞ்சி தட்டிப்போட்ட வெந்நீர் குடித்தார்கள். சூடு இந்த வலியைக் குறைக்கிறது என்று இன்றைய ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. பாட்டியின் ஒத்தடத்தை மட்டும் விட்டுவிட்டு, பொறுத்துக்கொள் என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொள்வது சரியா?

"இப்படி எழுதினால் பிள்ளைகள் எடுத்ததற்கெல்லாம் மாத்திரை விழுங்குவார்கள், வகுப்புக்கு மட்டம் போடுவார்கள்" என்று சில ஆசிரியர்கள் கவலைப்படலாம். அந்தக் கவலையை நான் ஒதுக்கிவிடவில்லை. ஆனால் அறியாமைதான் தவறான பழக்கத்துக்கு இடம் கொடுக்கும். நொதியைப் பற்றித் தெரிந்த மாணவிக்கு ஐபுபுரோஃபென், மெஃபெனமிக் அமிலம் போன்ற மாத்திரைகள் எப்படி வேலை செய்கின்றன என்பது புரியும். அவை சைக்ளோஆக்சிஜனேஸைத் தடுக்கின்றன. புதிதாகப் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத்தான் தடுக்கும், ஏற்கெனவே உருவானதை அழிக்காது. அதனால்தான் வலி உச்சத்துக்குப் போனபின் விழுங்குவதைவிட வலி தொடங்கும்போதே எடுத்துக்கொள்வது நல்ல பலன் தருகிறது.

கூடவே எச்சரிக்கையும் தெரிய வேண்டும். வெறும் வயிற்றில் இவற்றை எடுக்கக்கூடாது. ஆஸ்துமா, வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. காய்ச்சலும் சேர்ந்திருந்து டிங்கி என்ற சந்தேகம் இருந்தால் இவ்வகை மாத்திரைகள் கூடவே கூடாது, இரத்தக்கசிவை அதிகப்படுத்தும். எதுவானாலும் பெற்றோரிடம் சொல்லி, மருந்தாளரிடம் அளவு கேட்டுத்தான் எடுக்க வேண்டும். இதையெல்லாம் தெரிந்த பிள்ளை கண்டபடி மாத்திரை விழுங்காது. வலி அடங்கினால் வகுப்பிலும் உட்காரும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அதுதான் எனக்கு மிக முக்கியம். எல்லா மாதவிடாய் வலியும் புரோஸ்டாகிளாண்டினோடு முடிவதில்லை. கருப்பையின் உட்சுவரைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய் உண்டு. பிள்ளைப்பேற்று வயதில் உள்ள பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அது இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த நோய் பலருக்குப் பல ஆண்டுகள் தாமதமாகவே கண்டுபிடிக்கப்படுகிறது. அதற்கு ஒரு முக்கியக் காரணம், "இது எல்லாப் பெண்களுக்கும் வருவதுதான்" என்ற ஆறுதல் வார்த்தை. மாத்திரைக்கும் அடங்காத வலி, மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போகும் வலி, மாதவிடாய் இல்லாத நாள்களிலும் வரும் வலி, அடிக்கடி பள்ளிக்குப் போகவிடாமல் செய்யும் வலி, இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிலேயே தொடங்கலாம். வகுப்பில் கேலி செய்யப்பட்ட பிள்ளை மருத்துவரிடமும் வாய் திறக்கத் தயங்கும். நம் சிரிப்புக்கு அவ்வளவு தூரம் விளைவு இருக்கிறது.

நீங்கள் செய்யக்கூடியது

மாணவர்களே, குறிப்பாக ஆண் பிள்ளைகளே, இந்தக் கட்டுரையைப் பாதியில் புரட்டிவிடாமல் இதுவரை வந்ததற்கு நன்றி. உங்களுக்குக் காய்ச்சல் வரும்போதும் முட்டியில் அடிபடும்போதும் உங்கள் உடலில் வேலை செய்வது இதே புரோஸ்டாகிளாண்டின் குடும்பம்தான். அடுத்த முறை பின் வரிசையிலிருந்து அந்தச் சிரிப்பு எழும்போது நீங்கள் சேர்ந்து சிரிக்காமல் இருந்தாலே போதும். "அது உண்மையான வலிடா" என்று ஒருவர் சொன்னால் இன்னும் நல்லது.

மாணவிகளே, எந்த நாளில் தொடங்கியது, எவ்வளவு வலித்தது, எத்தனை நாள் நீடித்தது, எதனால் குறைந்தது என்று ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். மூன்று மாதக் குறிப்பு இருந்தால் மருத்துவரிடம் பேசுவது எளிதாகும். வலியை வெளிப்படையாகச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்த நான்கு கோட்டு வரைபடத்தைக் கரும்பலகையில் வரையும்போது, புரோஜெஸ்டரோன் சரியும் இடத்தில் ஐந்தாவதாக ஒரு கோட்டை மேல்நோக்கி இழுத்து, "இது வலி" என்று சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை. பள்ளி நோயாளர் அறையில் ஐஸ் கட்டிக்குப் பக்கத்தில் ஒரு வெந்நீர்ப் பையும் இருக்கட்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு காற்பந்தின் விலைகூட வராது.